ஆழம் பிசகினால் சூடும் பிசகும்

பூமியில் கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. அதை அளக்க நல்ல வெப்பமானி மட்டும் போதாது. அது எத்தனை மீட்டர் ஆழத்தில் இருந்தது என்பதும் தெரிய வேண்டும். கீழே போகப்போகத் தண்ணீர் பொதுவாகக் குளிர்ந்துகொண்டே போகும். ஆழம் பிசகினால் சூடும் பிசகிவிடும்.

1960களிலிருந்து ஓடும் கப்பல்களிலிருந்தே எக்ஸ்பிடி என்ற கருவியைக் கடலில் போட்டார்கள். சிறிய குண்டு போன்ற உருவம்; மூக்கில் வெப்ப உணரி; வாலில் முடிபோல மெல்லிய செப்புக் கம்பி. கருவி விழ விழக் கம்பி பிரியும், அளவு கப்பலுக்கு வந்துகொண்டிருக்கும். கம்பி தீர்ந்ததும் அறுந்துவிடும். கருவி கடலோடு சரி. ஆனால் ஆழம் காட்டும் உணரி அதில் இல்லை. விழுந்து எத்தனை நொடி ஆயிற்று என்பதை வைத்துத்தான் ஆழத்தைக் கணக்கிட்டார்கள். கணக்கு 500 மீட்டர் என்னும்போது கருவி 490இல் இருந்தால், 490இன் சூடு 500இன் சூடாகப் பதிவாகும்.

2000ஆம் ஆண்டுவாக்கில் ஆர்கோ மிதவைகள் வந்தன. உருளைக்குள் இருக்கும் எண்ணெயை வெளிப்புறப் பைக்குள் தள்ளினால் மிதவையின் கன அளவு கூடும். எடை மாறாமலே அது மேலே எழும். எண்ணெயை உள்ளே இழுத்தால் அமிழும். 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்துகொண்டிருந்து, 10 நாளுக்கு ஒரு முறை 2,000 மீட்டருக்கு இறங்கி, வெப்பம், உப்பு, அழுத்தம் மூன்றையும் அளந்தபடி ஏறிவந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பும். அழுத்தத்தை அளப்பதால் ஆழத்தை ஊகிக்க வேண்டியதில்லை.

அப்படியும் தகராறு வந்தது. 2003 முதல் 2005 வரை கடலின் மேலடுக்கு குளிர்ந்திருக்கிறது என்று 2006இல் ஓர் ஆய்வுக் கட்டுரை சொன்னது. புவி வெப்பமாவது பொய் என்று வாதிட்டவர்களுக்கு அது கைக்கு வந்த ஆயுதம். குளிர்ந்தால் தண்ணீர் சுருங்க வேண்டும்; ஆனால் கடல் மட்டமோ உயர்ந்துகொண்டிருந்தது. கட்டுரை எழுதியவர்களில் ஒருவரான ஜாஷ் வில்லிஸ் தரவைத் துருவினார். சில ஆர்கோ மிதவைகளில் அழுத்தம் தவறாகப் பதிவாகி, கடலைக் குளிர்ச்சியாகக் காட்டியிருந்தது. எக்ஸ்பிடி அளவுகளோ கடலை அதிகச் சூடாகக் காட்டியிருந்தன. பழைய கருவி குறைந்து புதியது கூடியபோது, இரண்டு பிழையும் சேர்ந்து இல்லாத குளிர்ச்சியை உண்டாக்கிவிட்டன. தம் முடிவைத் தாமே திருத்திக்கொண்ட அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். கடல் அளவுகளை நம்ப எனக்கு அதுவே முதல் காரணம்.

இன்று உலகக் கடல்களில் சுமார் 4,000 மிதவைகள் உள்ளன. ஆனால் கடலின் ஏறத்தாழப் பாதி நீர் 2,000 மீட்டருக்குக் கீழே கிடக்கிறது. அங்கே நீண்ட காலம் கப்பலிலிருந்து கருவியை இறக்கித்தான் அளந்தார்கள். ஒரே தடத்துக்குத் திரும்பிவரச் சுமார் பத்தாண்டு ஆகும். 6,000 மீட்டர் வரை இறங்கும் ஆழ்கடல் ஆர்கோ மிதவைகள் இப்போது வந்துவிட்டன; எண்ணிக்கைதான் போதவில்லை. இந்திய மிதவைகளின் தரவைக் கவனிப்பது ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம். ஆர்கோ அளவுகள் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்களும் எடுத்துப் பார்க்கலாம்.