சுண்டிப் பார்க்காமல் வாங்கலாமா?

விருத்தாசலத்தில் பீங்கான் கோப்பை வாங்குபவர்கள் அதை விரலால் ஒருமுறை சுண்டிப் பார்ப்பது வழக்கம். கணீரென்று ஒலித்தால் எடுத்துக்கொள்வார்கள். ஓசை மங்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கோ இருக்கிறது என்று ஒதுக்கிவிடுவார்கள். ஐம்பது ரூபாய்ப் பொருளுக்குக் காட்டும் இந்தக் கவனத்தை, ஐயாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் ஹெட்போனுக்கு நாம் காட்டுவதில்லை. காதால் தேர்ந்தெடுக்க வேண்டியதைக் கைப்பேசித் திரையில் படத்தையும் தள்ளுபடியையும் பார்த்துக் கண்ணால் தேர்ந்தெடுக்கிறோம்.

கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள மங்களூர்தான் என் சொந்த ஊர். கோடை விடுமுறையில் அங்கு சென்றிருந்தபோது, பதினோராம் வகுப்பு படிக்கும் என் தங்கை மகன் கேட்டான்: "மாமா, ஹெட்போனோட ஆம்ப்ளிஃபயரும் வாங்கினாத்தான் கேம்ல எதிராளியோட காலடிச் சத்தம் கேக்குமாம். உண்மையா?"

எங்கள் ஊரில் ஆம்ப்ளிஃபயர் என்றால் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுபவரின் பெட்டிதான் நினைவுக்கு வரும். தெரு முழுவதற்கும் பாட்டு கேட்க வேண்டுமானால் பல வாட் மின்திறன் தேவை. காதோடு ஒட்டியிருக்கும் ஹெட்போனுக்கான கணக்கே வேறு. பெட்டியில் '32 ஓம், 100 டெசிபல்' என்று அச்சிட்டிருந்தால், ஒரு மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு மின்திறனிலேயே அது 100 டெசிபல் ஒலியை எழுப்பும் என்று கொள்ளலாம். இதமாகப் பாட்டுக் கேட்பதற்கு 75 டெசிபல் போதும். அதற்கு அந்த ஒரு மில்லிவாட்டிலும் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்குதான் தேவைப்படும். இதைச் சாதாரணக் கைப்பேசியே தந்துவிடும்.

அப்படியானால் தனி ஆம்ப்ளிஃபயர் யாருக்குத் தேவை? ஒலிப்பதிவுக் கூடங்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட சில ஹெட்போன்களின் மின் எதிர்ப்பு மிக அதிகம். சென்ஹைசர் எச்டி 600 என்ற ஹெட்போனுக்கு அது 300 ஓம். இத்தகையவற்றில் அதே ஒரு மில்லிவாட்டைச் செலுத்த, 32 ஓம் கருவிக்குத் தேவைப்படுவதைப்போல் மூன்று மடங்கு மின்னழுத்தம் வேண்டும். எல்லாக் கைப்பேசிகளாலும் அதைத் தர இயலாது. கணினியில் ஹெட்போனைச் செருகியதும் 'உஸ்' என்ற இரைச்சல் கேட்டாலும், யுஎஸ்பி வழியே இயங்கும் சிறிய ஒலிமாற்றி ஒன்றை வாங்குவது பயன் தரும். அதையும் ஒரு விவரம் பார்த்து வாங்க வேண்டும்: ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு எதிர்ப்பு, ஹெட்போனின் எதிர்ப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மிகாமல் இருப்பது நல்லது. மிகுந்தால் சில ஹெட்போன்களின் ஒலித்தன்மையே மாறிவிடும். மற்றவர்கள் ஆம்ப்ளிஃபயருக்கு ஒதுக்கிய பணத்தையும் ஹெட்போனுக்கே செலவிடலாம்.

இனி, காலடிச் சத்தம். வலப்புறம் எழும் ஓசை வலக் காதை முதலில் அடைகிறது. இடக் காதை எட்டுவதற்குள் சற்றே குறைந்தும் விடுகிறது. இந்தக் கால வேறுபாடு அதிகபட்சம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆயினும் இந்தச் சிறு வேறுபாடுகளைக் கொண்டே மூளை திசையை அறிகிறது என்பதை இங்கிலாந்து இயற்பியலாளர் ரேலி 1907-லேயே விளக்கினார். ஆகவே இரண்டு காதுகளுக்கும் ஒலியைத் துல்லியமாகப் பிரித்துத் தரும் சாதாரண ஸ்டீரியோ ஹெட்போனே விளையாட்டுக்குப் போதும். '7.1' என்று விற்கப்படும் பெரும்பாலான ஹெட்போன்களிலும் காதுக்கு ஓர் ஒலியெழுப்பிதான் உள்ளது. மற்றவை மென்பொருள் உண்டாக்கும் தோற்றம்.

விளையாடுபவர்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது தாமதத்தைப் பற்றித்தான். ஊர்த் திருவிழாவில் தொலைவில் அதிர்வேட்டு வெடிக்கும்போது ஒளியை முதலில் கண்டு, சற்றுக் கழித்தே ஓசையைக் கேட்கிறோம். புளூடூத் ஹெட்போனில் ஒலி 200 மில்லிநொடி தாமதமாக வருவது அரிதன்று. ஏறத்தாழ 70 மீட்டர் தொலைவிலிருந்து வரும் ஓசையைக் கேட்பதற்கு அது ஒப்பாகும். திரைப்படம் பார்க்கும்போது செயலிகள் படத்தையும் தாமதித்து இதைச் சரிக்கட்டிவிடும். விளையாட்டில் அது முடியாது. மேலும், பேசுவதற்காக மைக்கை இயக்கியதும் பல புளூடூத் ஹெட்போன்களின் ஒலித்தரம் தொலைபேசியின் தரத்துக்கு இறங்கிவிடும். விளையாட்டுக்குக் கம்பியுள்ள ஹெட்போனே சிறந்தது.

அன்றாடப் பயன்பாட்டுக்கு வேறொன்றைக் கவனிக்க வேண்டும். கல்லூரி நாள்களில் மங்களூரிலிருந்து விருத்தாசலத்துக்குப் பேருந்தில் சென்று வந்த எனக்கு, மலிவான இயர்போன்தான் துணை. காதில் சரியாகப் பொருந்தாத அதில், இன்ஜின் இரைச்சலையும் காற்றொலியையும் மீறிப் பாட்டுக் கேட்பதற்காக ஒலியளவை எப்போதும் உச்சத்தில் வைத்திருந்தேன். இன்று, இரவின் அமைதியில் என் வலக் காதில் ஒரு ரீங்காரம் ஓயாமல் கேட்கிறது. பரிசோதித்த மருத்துவர், கூர்மையான ஓசைகளைக் கேட்கும் திறன் குறைந்திருப்பதாகச் சொன்னார். பிறக்கும்போது ஒவ்வோர் உட்காதிலும் ஏறத்தாழ 15,000 நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. அவை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. விரிசல் விட்ட கோப்பைக்குப் பதிலாக வேறொன்று வாங்கலாம். இதற்கு அந்த வழி இல்லை.

80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபலில் வாரத்துக்கு நான்கு மணி நேரம். 100 டெசிபலில் சுமார் 20 நிமிடம்தான். என் மருமகன் ஆம்ப்ளிஃபயர் வைத்துக் கூட்ட நினைத்தது இந்த ஒலியைத்தான்.

ஆகவே, ஒலியைக் குறைத்துக் கேட்க உதவுவதே நல்ல ஹெட்போன் என்பது என் கருத்து. பேருந்திலும் தெருவிலும் பயன்படுத்துவதற்கு, வெளி இரைச்சலைத் தடுக்கும் மூடிய வகையோ காதில் செறிவாகப் பொருந்தும் இயர்போனோ ஏற்றவை. சாலையைக் கடக்கும்போது மட்டும் கழற்றிவிட வேண்டும். அமைதியான அறையில் திறந்த வகை இதமாக இருக்கும். கடையில் நன்கு பழகிய ஒரு பாடலைக் குறைந்த ஒலியளவில் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்த அளவிலேயே பாடகரின் சொற்கள் தெளிவாகவும் தபேலாவின் நாதம் தனித்தும் கேட்டால் அதை நம்பலாம். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியுடனேயே கால் மணி நேரமாவது அணிந்து பார்ப்பது நல்லது.

நிறுவனங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. மின் எதிர்ப்பு, உணர்திறன், பாதுகாப்பான கேட்பு நேரம் ஆகியவற்றைப் பெட்டியின் மீது தமிழில் அச்சிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். பள்ளிகளில் கண் பரிசோதனை நடப்பதுபோல் ஆண்டுக்கொரு முறை செவித்திறன் பரிசோதனையும் நடைபெற வேண்டும்.

என் மருமகனுக்குக் கம்பியுள்ள, மூடிய வகை ஹெட்போன் ஒன்றை விருத்தாசலத்துக் கடையில் அவனே கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான். ஆம்ப்ளிஃபயர் வாங்கவில்லை. வீடு திரும்பியதும் நாங்கள் இருவரும் முதலில் செய்த வேலை, அவனுடைய கைப்பேசியில் ஒலியளவுக்கு உச்சவரம்பு வைத்ததுதான்.