புதுத் திறன்பேசி வீட்டில் யாருக்குத் தேவை?

செப்டம்பர் வந்தால் புதிய ஐபோன். ஆண்டின் தொடக்கத்தில் புதிய சாம்சுங் கேலக்ஸி. விளம்பரம் வந்த மறுவாரமே நம் வீடுகளில் ஒரு பேச்சு எழுகிறது: “என் போன் பழசாகிவிட்டது, மாற்றிவிடலாமா?”

மாற்றுவது தவறில்லை. ஆனால் எதைப் பார்த்து மாற்றுவது? பெரும்பாலும் கேமராவையும் வண்ணத்தையும் பார்த்தே முடிவெடுக்கிறோம். பார்க்க வேண்டியவை வேறு மூன்று: பேட்டரியின் நிலை, மாதக் கணக்கில் ஆகும் செலவு, பாதுகாப்புக்கான மென்பொருள் புதுப்பிப்பு.

பழசானது எது?

2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஒன்றை ஒப்புக்கொண்டது. பேட்டரி தேய்ந்த சில பழைய ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க, மென்பொருள் மூலம் அவற்றின் வேகத்தைத் தானே குறைத்ததாகச் சொன்னது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தனர். அதனால் பேட்டரி மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்து, 2018 முழுவதும் அதே விலையில் மாற்றிக் கொடுத்தது.

விளைவு என்ன தெரியுமா? 2019 ஜனவரியில், அப்போது தலைமை நிர்வாகியாக இருந்த டிம் குக் முதலீட்டாளர்களுக்குக் கடிதம் எழுதினார். சில சந்தைகளில் மக்கள் ஐபோனை மாற்றுவது எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததற்கு, அந்த மலிவான பேட்டரி மாற்றத்தையும் ஒரு காரணமாகச் சொன்னார். போன் பழசாகிவிட்டது என்று நினைத்த பலருக்குப் பழசானது பேட்டரி மட்டுமே!

பேட்டரி சார்ஜ் ஆகும் ஒவ்வொரு முறையும் சிறிது தேய்கிறது. ஐபோன் 14 வரையிலான போன்களின் பேட்டரி, 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகும் 80 விழுக்காட்டுத் திறனுடன் இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஐபோன் 15 வகைகளுக்கு அது 1,000 சுற்று. நாள்தோறும் ஒரு முழுச் சுற்று பயன்படுத்துபவருக்கு 500 சுற்று என்பது ஏறக்குறைய 16 மாதங்கள். ஐபோன் அமைப்புகளில் பேட்டரி பகுதிக்குச் சென்றால் எத்தனை விழுக்காடு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கலாம். 80க்குக் கீழே இறங்கியிருந்தால், முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

மாதக் கணக்கு போடுங்கள்

விலையை மொத்தமாகப் பார்க்காமல் மாதத்திற்கு எவ்வளவு என்று பாருங்கள். ஓர் உதாரணம்: 1,440 வெள்ளி கொடுத்து வாங்கிய போனை 2 ஆண்டில் மாற்றினால் மாதம் 60 வெள்ளி. 4 ஆண்டு வைத்திருந்தால் மாதம் 30 வெள்ளி. நடுவில் 120 வெள்ளி கொடுத்துப் பேட்டரியை மாற்றி 5 ஆண்டு ஓட்டினால் மாதம் 26 வெள்ளிதான்.

“ஒப்பந்தத்தில் போன் இலவசமாகக் கிடைத்தது” என்று சொல்வோரும் உண்டு. அந்த மாதச் சந்தாவையும், சிம் அட்டை மட்டும் தரும் திட்டத்தின் சந்தாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசத்தை 24ஆல் பெருக்கினால் இலவசத்தின் விலை தெரிந்துவிடும்.

மாற்றியே ஆகவேண்டிய நேரம்

அப்படியென்றால் எப்போதுதான் மாற்றுவது? பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோனால் மாற்றத்தான் வேண்டும். மென்பொருளில் புதிய ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அவற்றை அடைப்பதே இந்தப் புதுப்பிப்பு. அது நின்ற பிறகும் போன் வழக்கம்போல வேலை செய்யும். அதனால்தான் ஆபத்து நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. போகப் போக வங்கிச் செயலிகளும் பழைய மென்பொருளில் இயங்க மறுக்கும்.

எத்தனை ஆண்டு புதுப்பிப்பு கிடைக்கும் என்பது போனுக்குப் போன் மாறுபடும். 2023இல் வந்த கூகல் பிக்சல் 8, 2024இல் வந்த கேலக்ஸி எஸ்24 ஆகியவற்றுக்கு 7 ஆண்டு என்று அந்நிறுவனங்கள் உறுதியளித்தன. விலை குறைந்த பல போன்களுக்கு அவ்வளவு காலம் கிடைப்பதில்லை. வாங்கும்போதே கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள்.

தொலைத்தொடர்புச் சேவை மாறுவது இன்னொரு காரணம். சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017இலும் 3ஜி சேவை 2024இலும் நின்றுபோயின. மலேசியாவில் 3ஜி 2021 இறுதியில் நிறுத்தப்பட்டது. 4ஜியில் குரல் அழைப்பு செய்ய முடியாத போனை வைத்திருந்தவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அப்பாவின் கையில் இருப்பது எது?

இனி நம் வீட்டு வழக்கத்துக்கு வருவோம். புதியதை நாம் எடுத்துக்கொள்கிறோம். நம் பழைய போன் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ போகிறது. அவர்களுக்கு “வாட்ஸ்அப் பார்த்தால் போதும்” என்று நினைக்கிறோம். ஆனால் அதே போனில்தான் அவர்களின் சிங்பாஸ் இருக்கிறது, வங்கிச் செயலி இருக்கிறது, ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்திற்கான வழியும் இருக்கிறது.

2023இல் சிங்கப்பூரில், விளம்பரத்தை நம்பி அதிகாரபூர்வமற்ற செயலிகளை ஆண்ட்ராய்டு போன்களில் இறக்கிய பலர் வங்கிப் பணத்தை இழந்தனர். சிலரது மத்திய சேமநிதியும் பறிபோனது. புதிய போன் இருந்தால் மோசடியே நடக்காது என்று நான் சொல்லவில்லை. நாமே கதவைத் திறந்துவிட்டால் எந்தப் பூட்டும் உதவாது. ஆனால் 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13, வெளியிலிருந்து இறக்கப்படும் செயலிகள் போனின் முழுக் கட்டுப்பாட்டையும் எளிதில் பெறாதபடி கூடுதல் தடை வைத்தது. அதற்கு முந்தைய பதிப்பிலேயே நின்றுபோன போனில் அந்தத் தடை இல்லை.

ஆகவே நேயர்களே, கடைக்குப் போகுமுன் வீட்டில் உள்ள எல்லாப் போன்களையும் மேசைமேல் வையுங்கள். ஒவ்வொன்றிலும் கடைசியாகப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்த தேதியைப் பாருங்கள். உங்கள் போனுக்கு ஒரு புதிய பேட்டரியே போதுமானதாக இருக்கலாம். அப்பாவின் போனுக்குப் புதுப்பிப்பு வந்து 2 ஆண்டு ஆகியிருக்கலாம். அப்படியானால் இந்த முறை புதுப் போன் போகவேண்டியது அவர் கைக்குத்தான். அவருக்கு விலையுயர்ந்தது வேண்டாம். நீண்ட காலம் புதுப்பிப்பு கிடைக்கும் நடுத்தர விலைப் போனே போதும்.