குடத்தைத் திருப்பிப் பாருங்கள்

அச்சுவேலியில் ஒரு வீட்டுச் சுவரில் பழைய மரப் புரொப்பெல்லர் தொங்கினால், பார்ப்பவர்கள் முதலில் சொல்வது "பலாலியிலிருந்து வந்ததாக்கும்" என்பதாகத்தான் இருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த பலாலி விமானத்தளம் பக்கத்திலேயே இருப்பதால் அப்படி நினைப்பது இயல்பு. ஆனால் அந்த ஊகம் பெரும்பாலும் தவறாகிவிடும்.

போரின் கடைசி ஆண்டுகளில் அங்கிருந்து பறந்தவை லிபரேட்டர்கள். நான்கு இயந்திரம் பூட்டிய அந்தப் பெரிய விமானங்களின் புரொப்பெல்லர்கள் உலோகத்தாலானவை. 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, பலாலியில் இறங்கி, சென்னைக்குப் போன எயார் சிலோனின் முதல் விமானம் ஒரு டகோட்டா. அதற்கும் உலோகம்தான். ஆகவே கையில் இருப்பது மரமென்றால், பலாலி என்ற பெயரை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பொருளையே கேட்க வேண்டும்.

விடை பெரும்பாலும் நடுவில் இருக்கும். வண்டிச் சில்லுக்கு இருப்பதுபோல் புரொப்பெல்லருக்கும் ஒரு குடம் உண்டு. அதன் முகத்திலோ பக்கவாட்டிலோ எழுத்துகளையும் எண்களையும் அச்சுக்குத்தி வைப்பது தயாரிப்பாளர் வழக்கம். பிரித்தானியப் புரொப்பெல்லர்களில் வரைபட எண், விட்டம், 'பிட்ச்', எந்த இயந்திரத்துக்கு உரியது என்பவை இருக்கும். பரிசோதகரின் முத்திரையும் இருக்கும். ஒரு முழுச் சுற்றில் புரொப்பெல்லர் கணக்குப்படி எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதே பிட்ச். இவற்றில் வரைபட எண்தான் மிகப் பெறுமதியானது. அது ஒன்று தெளிவாக இருந்தால் இயந்திரத்தையும், பல வேளைகளில் விமானத்தையுமே கண்டுபிடித்துவிடலாம்.

எழுத்து அழிந்திருந்தாலும் கைவிட வேண்டியதில்லை. குடத்தில் எத்தனை போல்ட் துளைகள், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் எவ்வளவு, நடுத்துளை எவ்வளவு என்று மில்லிமீற்றரில் அளக்க வேண்டும். இந்த அளவுகள் பெரும்பாலும் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும்.

அடுத்தது சுழலும் திசை. புரொப்பெல்லர் அலகின் வளைந்த முகம் முன்னுக்கும் தட்டையான முகம் விமானியை நோக்கியும் இருக்கும். தடித்த விளிம்பே காற்றைக் கிழித்துப் போகும் விளிம்பு; பித்தளைத் தகடு அறைந்திருப்பதும் அங்கேதான். விமானியின் இருக்கையிலிருந்து பார்க்கும்போது அமெரிக்க இயந்திரங்கள் அநேகமாக வலஞ்சுழி. டைகர் மொத் விமானத்தில் பூட்டிய ஜிப்சி மேஜர் இயந்திரம் இடஞ்சுழி. டைகர் மொத் எண்ணாயிரத்துக்கு மேல் கட்டப்பட்ட பயிற்சி விமானம். ஒரு புரொப்பெல்லர் இடஞ்சுழியாக இருந்தால் சந்தேகப் பட்டியல் அங்கேயே பாதியாகக் குறைந்துவிடும்.

பித்தளைத் தகட்டின் நுனியில் ஊசித்துளைகள் சில தெரியும். உள்ளே ஊறிய ஈரம் சுழலும் வேகத்தில் வெளியேறுவதற்காக வைத்த துளைகள் அவை. ஆணி போன இடமென்று நினைத்து அடைத்துவிடாதீர்கள்.

மரத்தைப் பார்க்க ஒரு நல்ல தச்சாசாரியைக் கூப்பிடலாம். உண்மையான புரொப்பெல்லர் ஒரே கட்டையில் செதுக்கியதல்ல. மகோகனி, வோல்நட் போன்ற பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டி, பிறகு செதுக்குவார்கள். அதனால் மரம் முறுகாது. ஒரே கட்டையில் கடைந்து, துளைகள் ஏனோதானோவென்று இருந்தால், அது அலங்காரத்துக்குச் செய்த போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

மரம் என்றதும் முதலாம் உலகப் போர்க் காலம் என்று முடிவுகட்டுவதும் அவசரம். 1935 நவம்பர் 27 அன்று இரத்மலானையில் முதன்முதலாக இறங்கிய விமானம் சென்னையிலிருந்து வந்த ஒரு புஸ் மொத். அந்த வகைச் சிறு விமானங்களுக்குப் பெரும்பாலும் மரப் புரொப்பெல்லர்தான். 1942 ஏப்ரலில் திருகோணமலைக்கும் கொழும்புக்கும் மேலே ஜப்பானியரோடு மோதிய ஹரிக்கேன் வகையிலும் மர அலகுகள் பயன்பட்டன. ஆனால் அவை தனித்தனி அலகுகள். அழுத்திய மரத்தாலானவை, அடியில் உலோகப் பிடி உள்ளவை. அடியில் உலோகத்தோடு ஒற்றை அலகு ஒன்று கிடைத்தால் போர்க்கதையை மறுபடி எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இந்த நுணுக்கமெல்லாம் எங்களுக்கு ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. காரணம் இடப்பெயர்வு. 1990இல் உள்நாட்டுப் போரினால் பலாலியைச் சுற்றியிருந்த ஊர்கள் இடம்பெயர்ந்தன. 1995 ஒக்ரோபர் 30இல் அந்த ஊர்கள் அடங்கிய வலிகாமப் பகுதியே எழுந்து போனது. பொருள் ஒரு கையிலும் அதன் கதை வேறொரு நாட்டிலுமாகப் பிரிந்துவிட்டன. "இது தாத்தா கொண்டுவந்தது" என்று சொல்லக்கூடியவர் பல வீடுகளில் இன்று இல்லை. அப்படியான வீட்டில் அச்சுக்குத்திய எண் ஒன்றே சாட்சி. அந்தச் சாட்சியை அழிப்பது போரல்ல, மணற்கடதாசிதான் என்றால் அது பெரிய அநியாயம்.

எனவே உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் தேய்க்காதீர்கள், வார்னிஷ் பூசாதீர்கள், நடுத்துளையைப் பெருப்பித்து மணிக்கூடு பொருத்தாதீர்கள். வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துக் குடத்தைப் படம் எடுங்கள், தெரியும் எழுத்தையெல்லாம் தெரிந்தபடியே எழுதிவையுங்கள். வீட்டில் மூத்தவர் யாரும் இருந்தால், அது எப்போது, யார் கையால் வந்தது என்று இன்றைக்கே கேட்டு அதையும் எழுதிவிடுங்கள்.