பியானோவும் நினைவட்டையும்

மின்னணுப் பியானோவில் வாசித்த இசையைச் சேமித்து வைக்க, அஞ்சல்தலை அளவே உள்ள நினைவட்டை பயன்படுகிறது. பெரும்பாலும் அதில் பதிவது ஒலி அன்று. எக்கட்டை, எப்பொழுது, எவ்வளவு விசையுடன் அழுத்தப்பட்டது என்னும் குறிப்பே ஆகும். 1983ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்த ‘மிடி’ முறை இது.

பழைய பியானோவில் புதிதாக வாங்கிய அட்டையைச் செருகினால், அக்கருவி அதனை ஏற்க மறுப்பதுண்டு. அட்டை பழுதுற்றதெனப் பலரும் எண்ணுவர். அட்டையின்மேல் குற்றமில்லை. 1999இல் அறிமுகமான எஸ்டி அட்டை 2 கிகாபைட்டு வரையே கொள்ளும். அதில் ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி எண் உண்டு. கொள்ளளவு பெருகப் பெருக எண்கள் போதாவாயின. ஆதலால், 2006இல் வந்த எஸ்டிஎச்சி அட்டையில் 512 பைட்டுகள் சேர்ந்த தொகுதிக்கு ஓர் எண் என வகுத்தனர். வீட்டிற்கோர் எண் இருந்த ஊரில், தெருவிற்கோர் எண் இட்டாற்போன்றது இது. பழைய முறையே பயின்ற அஞ்சற்காரர் திகைப்பார் அல்லரோ? பியானோவும் அவ்வாறே திகைக்கின்றது. அட்டையின் வடிவம் மட்டும் மாறவில்லை. மயக்கம் விளைவது அதனாலேதான்.

இத்தகைய பியானோவிற்குக் கையேட்டிற் கூறிய சிறிய அட்டையே ஏற்றது. மிடிக் குறிப்புகளுக்கு அதுவே மிகையான இடம். அட்டை ஏற்றதாயினும் கருவி படிக்காவிடின், அக்கருவியிலேயே அதனை வடிவமைத்தல் வேண்டும். வடிவமைத்தால் முன்னுள்ள பதிவுகள் யாவும் அழியும். ஆகவே அவற்றை முதலிற் கணினியிற் படியெடுத்தல் இன்றியமையாதது. படிக்க இயன்றும் எழுத இயலாவிடின், அட்டையின் விளிம்பிலுள்ள சிறு பூட்டுத்தள்ளியை நோக்குக.