ஊர் கூடி அனுப்பும் சேதி

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரைக்கு அப்பால் கிரேட் டக் என்றொரு சிறு தீவு. லீச் புயல்பறவைகள் அங்கே மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகின்றன. அடைகாக்கும் தொடக்க வாரங்களில் ஆள் போய்க் கையைவிட்டுத் துழாவினால் பறவை கூட்டையே கைவிட்டுவிடும். அதனால் 2002-இல் பெர்க்லி பல்கலைக்கழக, இன்டெல் நிறுவன ஆய்வாளர்கள் 32 கம்பியில்லா சென்சார்களைத் தீவில் வைத்தார்கள். சில வளைக்குள்ளேயே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் சுவர்க் கடிகாரத்தில் போடுவது போன்ற பேட்டரி இரண்டுதான். மாற்றாமல் ஒன்பது மாதம் ஓட வேண்டும் என்பது இலக்கு.

சென்சார் வளையின் வெப்பத்தை அளப்பதற்கு அதிகம் மின்செலவில்லை. அளந்ததைச் சொல்லத்தான் செலவு. எம்.ஐ.டி.யின் வெண்டி ஹெய்ன்செல்மன் குழு 2000-இல் போட்ட கணக்கைப் பாருங்கள். ஒரு பிட் அனுப்ப ரேடியோவின் மின்சுற்று மட்டும் 50 நானோஜூல் தின்னும். அதைக் காற்றில் ஏற்றிவிட 10 மீட்டருக்கு 10 நானோஜூல். 100 மீட்டருக்கு 1,000. தூரம் பத்து மடங்கானால் செலவு நூறு மடங்கு! அதுவும் வெட்டவெளியில். தரையோடு தரையாகக் கிடக்கும் கருவிக்கு இன்னும் மோசம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. அலை நேராகவும் வரும், பாறையில் பட்டுத் திரும்பியும் வரும். இரண்டும் எதிரெதிராகச் சேர்ந்தால் சேதி மங்கிப்போகும். இன்று பரவலாக உள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர்தான், ஒரு சாண் தள்ளி வைத்த கருவிக்கு நிலைமையே வேறாக இருக்கலாம்.

பல கருவிகள் சேர்ந்து ஒரே சேதியை அனுப்பும் ‘கூட்டு ஒலிபரப்பு’ முறை பிடித்துக்கொண்டது இந்த ஒரு சாண் வித்தியாசத்தைத்தான். 1998-இல் பொறியாளர் சியாவாஷ் அலமூட்டி இரண்டு ஆன்டெனாவுக்கு ஒரு முறை சொன்னார். முதல் நொடித்துளியில் ஒன்று ‘அ’வையும் மற்றது ‘ஆ’வையும் அனுப்பும், அடுத்த துளியில், குறியீட்டில் சிறு மாற்றத்தோடு, இடம் மாற்றி அனுப்பும். ஒரு பாதை மங்கினாலும் இன்னொன்றின் வழியாக இரண்டுமே வந்துசேரும். சென்சாரில் இரண்டு ஆன்டெனா வைக்க இடமேது? பக்கத்துச் சென்சாரையே இரண்டாவது ஆன்டெனாவாக வைத்துக்கொள்கிறார்கள். தனியாகக் கத்துவதைவிடக் குறைந்த சக்தியில் காரியம் முடிகிறது.

கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் முதலில் சேதியை அக்கம்பக்கத்தில் பகிர வேண்டும், கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும், இரண்டு மின்சுற்றுகளும் விழித்திருக்க வேண்டும். இத்தனைக்கும் பேட்டரிதான் படியளக்கிறது. சுகுவாங் சுய், ஆண்ட்ரியா கோல்ட்ஸ்மித், அகமது பகாய் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 2004-இல் இதையெல்லாம் சேர்த்தே கணக்குப் பார்த்தார்கள். குறிப்பிட்ட தூரத்தைத் தாண்டினால்தான் கூட்டு லாபம். கிட்டத்தில் தனியாக அனுப்புவதே சிக்கனம் என்று தெரிந்தது. ஆகவே தோட்டத்திலோ தொழிற்கூடத்திலோ சென்சார் வலை விரிக்க நினைப்பவர்கள், எந்த முறை என்று யோசிக்கும் முன் டேப்பை எடுத்துத் தூரத்தை அளந்துவிடுங்கள்.