வெளிநாட்டுக் கடன் உள்ளூர் வேலையைக் கெடுக்குமா?

ஆமத்தூரில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் எனக்கு, வேலை விண்ணப்பங்களை ஆன்லைனில் அனுப்பித் தருவதுதான் பாதி வேலை. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கும் ஊர். பட்டாசு, அச்சகம் என்று இங்கேயே இருப்பவர்களும் உண்டு. துபாய், சிங்கப்பூர் போய்த் திரும்பியவர்களும் உண்டு. திரும்பியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அங்கே கிரெடிட் கார்டு பாக்கி இருக்கு. இங்கே வேலைக்குச் சேரும்போது தெரிஞ்சுடுமா?"

சிபில் அறிக்கையில் வருமா?

பொதுவாக வராது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் இந்தியாவில் கடன் கொடுப்பவர்களிடம் இருந்தே விவரம் பெறுகின்றன. அமீரகத்தில் வாங்கிய கடன், அங்குள்ள அல் எதிஹாத் கிரெடிட் பீரோவில் பதிவாகும். மறுபடி அங்கே போனால் அந்தப் பதிவு காத்திருக்கும்.

ஆனால் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2020 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்புக்குப் பிறகு, அமீரக நீதிமன்றங்களின் சிவில் தீர்ப்புகளை இந்திய நீதிமன்றம் வழியாகவே நிறைவேற்றக் கேட்கலாம். அப்படி வழக்கு வந்தால் அது இ-கோர்ட்ஸ் வெப்சைட்டில் ஏறிவிடும். அங்கே பெயரை டைப் செய்து யாரும் தேடலாம். பின்னணி சரிபார்க்கும் ஏஜென்சிகளும் தேடும்.

இன்னொரு சிக்கலையும் பார்க்கிறேன். வெளிநாடு போகும்போது இங்குள்ள மொபைல் நம்பரை விட்டுவிடுகிறார்கள். கல்விக் கடன், கார்டு பாக்கி பற்றி வங்கி அனுப்பும் எஸ்.எம்.எஸ். வந்து சேர்வதில்லை. தவணைகள் தவறுகின்றன. இது சிபிலில் நிச்சயம் ஏறும்.

சென்னையில் வந்த தீர்ப்பு

பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரி பணிக்குத் தேர்வான ஒருவருக்கு 2021-ல் நியமன ஆணை வந்தது. சிபில் அறிக்கை பாதகமாக இருந்ததால் வங்கி அதை ரத்து செய்தது. கடன்களை அடைத்துவிட்டேன் என்று அவர் வாதாடினார். பொதுமக்கள் பணத்தைக் கையாளும் வேலைக்கு நிதி ஒழுக்கம் அவசியம் என்று கூறி, 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அவரது மனுவைத் தள்ளுபடி செய்தது. வேலை அறிவிப்பிலேயே இந்த நிபந்தனை இருந்தது என்பதைக் கவனியுங்கள். சிங்கப்பூரிலும் நிதித்துறைப் பணிகளுக்குப் பண நிலையைப் பார்க்கும் வழிகாட்டு நெறிகள் உள்ளன.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அவற்றின் சொந்த வெப்சைட்டில் மட்டும் பான் எண்ணைக் கொடுங்கள். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்.

2. தவறு இருந்தால் அங்கேயே ஆன்லைனில் புகார் பதியுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

3. கடன் முடித்ததும் 'பாக்கி இல்லை' சான்றிதழ் வாங்கி ஸ்கேன் செய்து வையுங்கள். குறைத்துக் கட்டி முடித்தால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று வரும். அது முழுதாக அடைத்ததற்குச் சமம் அல்ல.

4. ஊர் திரும்பும் முன் வெளிநாட்டு வங்கியிடமும் எழுத்து மூலம் சான்று வாங்குங்கள்.

விண்ணப்பத்தில் கடன் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால், சேர்ந்த வேலையே போகலாம்.