நடுநிற்பவர் ஒருவரே

சில ஆண்டுகளுக்கு முன், கல்வராயன் மலையடிவாரத்திலுள்ள ஒரு சிற்றூர்ச் சபையில் ஆராதனை நடத்தும் வாய்ப்பு நமக்குக் கிட்டிற்று. ஆராதனை முடிந்தபின் முதிய தாய் ஒருவர் நம்மை அணுகி, நோயுற்றிருந்த தம் பேரனுக்காக ஜெபிக்குமாறு வேண்டினார். "நீங்களும் ஜெபியுங்கள், அம்மா" என்றோம். "நாங்க கேட்டா ஆண்டவர் காதுல விழுமா ஐயா? நீங்க நடுவுல நின்னு சொன்னாத்தானே போய்ச் சேரும்" என்றார் அவர்.

அன்று நாம் ஜெபித்துவிட்டுத் திரும்பிவிட்டோம். ஆயினும் அத்தாயின் சொல் நம்மைவிட்டு அகலவில்லை. கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே ஒருவர் நிற்க வேண்டும் என்று அவர் கருதியது திருமறையின் போதனையே. அந்த ஒருவர் போதகர் என்று அவர் கருதியதைத் திருமறை மறுக்கின்றது. இவ்விரண்டையும் பிரித்தறியாத சபைகளை உருவாக்கியதில் நமக்கும் பங்குண்டு அன்றோ? ஆகவே ஆசாரியராகிய மத்தியஸ்தர் என்னும் கோட்பாட்டை அந்தத் தாயின் மண்ணிலிருந்தே ஆராய முற்படுகின்றோம்.

சொல்லும் வழக்கும்

மத்தியஸ்தர் என்னும் சொல் நம் மக்களுக்குப் புதிதன்று. வரப்புத் தகராறிலும் பாகப்பிரிவினையிலும் இரு தரப்பாரையும் உட்காரவைத்துப் பேசி முடிப்பவரை ஊரார் அவ்வாறு அழைப்பர். கிரேக்க மூலத்திலுள்ள மெசிட்டேஸ் என்னும் சொல்லும் 'நடு' என்று பொருள்படும் மெசொஸ் என்பதினின்று பிறந்ததே. புதிய ஏற்பாட்டில் இச்சொல் ஆறு முறை மட்டுமே வருகின்றது. கலாத்தியர் 3:19, 20 வசனங்களில் அது நியாயப்பிரமாணம் அருளப்பட்ட முறையைக் குறித்து வருகின்றது. 1 தீமோத்தேயு 2:5 இயேசு கிறிஸ்து என்னும் மனிதரை அப்பெயரால் சுட்டுகின்றது. எஞ்சிய மூன்று இடங்களும் எபிரேயர் நிருபத்தில் (8:6, 9:15, 12:24) புதிய உடன்படிக்கையோடு இணைந்து வருகின்றன. இயேசுவைப் பிரதான ஆசாரியர் என்று பெயரிட்டு அழைக்கும் புதிய ஏற்பாட்டு நூலும் இது ஒன்றே.

ஊர் மத்தியஸ்தருக்கும் இந்த மத்தியஸ்தருக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. ஊர் மத்தியஸ்தர் இரு தரப்பாருக்கும் புறம்பானவராக இருப்பதே அவருக்குத் தகுதி. வழக்குத் தீர்ந்ததும் அவர் தம் வீடு செல்வார். கிறிஸ்துவோ இரு தரப்புக்கும் உரியவர். தமக்கும் கடவுளுக்கும் இடையே இருவர்மேலும் கைவைக்கத்தக்க நடுவர் இல்லையே என யோபு அன்று ஏங்கினார் (யோபு 9:33). இருவர்மேலும் கைவைப்பவர் இருவரையும் சேர்ந்தவராயிருத்தல் வேண்டும். கி.பி. 451-இல் கூடிய கல்கெதோன் சங்கம், கிறிஸ்து முழுமையான கடவுளும் முழுமையான மனிதருமாவார் என்று அறிக்கையிட்டபோது, யோபின் ஏக்கத்திற்கே விடை கூறிற்று எனலாம்.

இவ்வேக்கம் இம்மண்ணுக்கும் அந்நியமன்று. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்த திருக்கோவலூரில், மழை பெய்த இரவொன்றில், முதலாழ்வார் மூவரும் ஒரு குறுகிய இடைகழியில் நெருங்கி நின்றனர் என்றும், அந்நெருக்கத்தில் நான்காமவராக இறைவனே வந்து நின்றான் என்றும் வைணவ மரபு கூறும். அதே மரபினர், உயிர்களுக்காகத் திருமகள் இறைவனிடம் பரிந்துரைப்பதைப் 'புருஷகாரம்' என்று போற்றுவர். இவற்றைக் கிறிஸ்தவக் கோட்பாட்டோடு ஒன்றாக்க நாம் முயலவில்லை. எனினும் எட்டாத இறைவன் அருகில் வரவேண்டும் என்பதும், நமக்காகப் பேசுபவர் பரிவுடையவராக இருக்கவேண்டும் என்பதும் நம் அயலார் நெடுங்காலம் உணர்ந்திருந்த உண்மைகளாம்.

ஆரோன் சுமந்த பெயர்கள்

பழைய ஏற்பாட்டு ஆசாரியரின் பணி, அவருடைய உடையிலேயே விளங்குகின்றது. யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தின்படி, இஸ்ரவேல் கோத்திரங்களின் பெயர்கள் இரண்டு கற்களில், கல்லொன்றுக்கு ஆறு பெயராக வெட்டப்பட்டு ஆரோனின் தோள்களில் பதிக்கப்பட்டன. அப்பெயர்களே மார்ப்பதக்கத்தின் பன்னிரண்டு கற்களிலும் வெட்டப்பட்டு அவருடைய இருதயத்தின்மேல் இருந்தன. தோள் சுமை தாங்கும் இடம். மார்பு அன்புக்குரிய இடம். மக்களைத் தோளிலும் நெஞ்சிலும் சுமந்து செல்பவரே ஆசாரியர்.

ஆயினும் அவ்வூழியத்தில் இரு குறைகள் இருந்தன. பாவநிவாரண நாளில் அவர் மக்களுக்காகப் பலியிடுமுன் தமக்காகப் பலியிட வேண்டியிருந்தது (லேவி. 16:6). மேலும், ஆண்டுக்கொருமுறை அவர் திரைக்குள் சென்று மீண்டபின்பும் திரை அவ்வாறே தொங்கிற்று. மக்கள் வெளியிலேயே நின்றனர்.

இக்குறைகளினும் கொடியது ஒன்றுண்டு. ஏலியின் குமாரர், பலியிட வந்தவர்களிடம் மூன்று கூருள்ள ஆயுதத்தை அனுப்பி, கொப்பரையிலிருந்து இறைச்சியை எடுத்துக்கொண்டனர்; பச்சையாகவே கொடாவிடில் பலவந்தமாக எடுப்போம் என்றும் மிரட்டினர் (1 சாமு. 2:12-17). அதனால் மக்கள் கர்த்தரின் காணிக்கையையே வெறுத்தனர். நடுவில் நிற்பவன் தன் நிலையைப் பிழைப்பாக மாற்றும்போது, இறைவனே மக்களுக்குக் கசந்துபோகிறார் என்பது இதனால் விளங்கும்.

மலையில் நின்ற நடுவர்கள்

இவ்வுண்மைக்கு உலக வாழ்விலும் ஒப்புமை தேடின் கல்வராயன் மலையே சான்றாகும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகிய இம்மலையில் மலையாளிகள் என்னும் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்கின்றனர். காஞ்சியிலிருந்து வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்களுடைய வழக்கு. இம்மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. சமவெளியில் ஆங்கில அரசு வந்தது. நாடு 1947-இல் விடுதலை பெற்றது. 1950-இல் அரசியல் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. மலையிலோ வரியை வாங்குபவரும் ஜாகீர்தாரே. நிலத்தை உழ இசைவு தருபவரும் அவரே. அரசு இம்முறையை நீக்கி மலையைத் தன் நேர்ப் பொறுப்பில் ஏற்றது 1976-ஆம் ஆண்டிலேயாம்.

ஜாகீர்தாரும் ஒருவகையில் மத்தியஸ்தரே. அரசுக்கும் குடிகளுக்கும் நடுவே அவர் நின்றார். ஆனால் அவர் நின்றதனால் குடிகள் அரசை அணுகவில்லை. அணுக வேண்டிய தேவையே இல்லாமற்போயிற்று. நடு என்பது வாயிலாகவும் அமையலாம், மதிலாகவும் அமையலாம். வாயிலில் நிற்பவர் வழிவிடுவார்; மதிலாய் நிற்பவரோ, தம்மையன்றி வழியில்லை என்று மக்களை நம்பவைப்பார். இந்நம்பிக்கை ஆழப் பதிந்தபின், மதில் இடிந்தாலும் மக்கள் எழுந்து நடக்கக் காலம் பிடிக்கும். மலையடிவாரத்துத் தாயின் சொல்லில் நாம் கேட்டது இப்படி நெடுங்காலம் பதிந்த ஒரு பழக்கத்தின் குரலோ என எண்ணுகின்றோம்.

எபிரேயர் நிருபம் கூறும் ஆசாரியர்

இப்பின்னணியில் எபிரேயர் நிருபத்தை வாசிப்போமாகில், மெய்யான மத்தியஸ்தருக்குரிய இரண்டு அடையாளங்கள் புலப்படும்.

முதலாவது, அவர் தம் மக்களோடு ஒன்றானவர். பிள்ளைகள் மாம்சமும் இரத்தமும் உடையவராயிருக்க, அவரும் அவற்றில் பங்குகொண்டார். எல்லாவற்றிலும் தம் சகோதரருக்கு ஒப்பானார் (2:14, 17). சோதனையை அறிந்தார், பாவம் மட்டுமே அவரிடம் இல்லை (4:15). கண்ணீரோடும் பலத்த சத்தத்தோடும் வேண்டினார் (5:7). லேவி கோத்திரத்தில் பிறவாமல் யூதாவில் தோன்றினார் (7:14) என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை. பிறப்புரிமையால் ஆசாரியரானவர் அல்லர் அவர். மெல்கிசேதேக்கின் முறைமைப்படி கடவுளே அவரை அழைத்தார். குலத்தால் பூசை உரிமை பெறும் வழக்கத்தைக் கண்டு பழகிய நம் நாட்டில் இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, அவர் திறந்த வழியை மீண்டும் அடைப்பதில்லை. அவர் மரித்தபோது தேவாலயத்தின் திரைச்சீலை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது (மாற். 15:38). அத்திரையினூடே புதிதும் ஜீவனுமான வழி திறந்திருப்பதால், தைரியத்தோடு சேருவோமாக என்று நிருபம் அழைக்கின்றது (10:19-22). அந்த அழைப்பு சபை முழுவதற்கும் உரியது. ஆசாரியருக்கு மட்டும் விடுக்கப்பட்டதன்று. அவர் என்றென்றும் உயிரோடிருந்து நமக்காகப் பரிந்து பேசுகின்றார் (7:25). ஆகவே அவருடைய இடம் காலியாக இல்லை, அதை நிரப்ப வேறொருவரும் தேவையில்லை.

கருணாபுரத்தின் வினா

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றாடக் கூலிக்கு உழைத்த ஏழைகள் அவர்களுள் பலர். சில பிள்ளைகள் தாயையும் தந்தையையும் ஒருங்கே இழந்தனர். அடுத்த மாதமே சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கைநிலையைக் குறித்து வழக்கொன்றை எடுத்தது. மலையும் நகரமும் ஒரே துயரின் இரு முகங்களாய் நாட்டின் முன் நின்றன.

அந்நாட்களில் இறைமக்கள் சிலர், "குடித்தவன் செத்தான், இதில் சபை சொல்ல என்ன இருக்கிறது?" என்று பேசக் கேட்டோம். குடியின் கேட்டை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் எபிரேயர் 5:2 ஆசாரியனுக்கு முதற்தகுதியாகக் கூறுவது என்ன? அறியாமையுள்ளோரிடமும் வழிதப்பினோரிடமும் அவன் மென்மையாக நடந்துகொள்ளல் வேண்டும். ஏனெனில் பலவீனம் அவனையும் சூழ்ந்திருக்கின்றது. மூலத்திலுள்ள சொல், சினத்தில் பொங்காமலும் பாராமுகமாய் இராமலும் அளவறிந்து பரிவு காட்டுதலைக் குறிக்கும். நம் மொழியிலும் 'பரிந்து பேசுதல்' என்பதில் பரிவு முன்னிற்கின்றது; பேச்சு அதன் பின்னரே வருகின்றது. பரிவில்லாதவன் பேசுவது குற்றச்சாட்டாகும், பரிந்துரையாகாது.

இயேசு நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் (13:12). ஆகவே நாமும் பாளயத்துக்குப் புறம்பே அவரிடம் போகவேண்டும் என்று நிருபம் கூறுகின்றது. துக்க வீட்டின் திண்ணையில், ஊரார் இகழும் ஒருவனின் பெயரைக் கடவுள் முன் உரக்கச் சொல்லி ஜெபிப்பதே, ஆரோன் தோளில் சுமந்த பெயர்களின் இன்றைய பொருள் என நாம் கருதுகின்றோம்.

போதகரின் இடம்

அப்படியாயின் போதகர் யார்? தமிழ்நாட்டின் முதல் தமிழ்ச் சீர்திருத்தச் சபைப் போதகர் 1733-இல் தரங்கம்பாடியில் அபிஷேகம் பெற்றார். கடலூரைச் சேர்ந்த அவருடைய பெயர் ஆரோன். பெயர் ஆரோனுடையதாயினும் பணி ஆரோனுடையதன்று. பலியிட அன்று, நற்செய்தியை அறிவிக்கவும் திருவருட்சாதனங்களை வழங்கவுமே அவர் நியமிக்கப்பட்டார். திருமுழுக்குப் பெற்ற யாவரும் ஆசாரியரே என்று 1520-இல் லூத்தர் வலியுறுத்தியதும் (1 பேதுரு 2:9 காண்க), 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை தன் ஊழியரைக் குறிக்கப் 'பிரஸ்பிட்டர்', அதாவது மூப்பர், என்னும் சொல்லைத் தேர்ந்துகொண்டதும் இதே உண்மையைச் சார்ந்தவை. நம் மக்களோ இன்றும் நம்மை 'ஐயர்' என்றழைக்கின்றனர். அச்சொல்லில் மதிப்பும் உண்டு. கோயிற் கருவறையின் நிழலும் உண்டு.

ஆதலின் இறையியல் மாணவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது: நாம் சபையைவிட்டு மாற்றலாகிச் சென்றபின், மக்கள் தாமாக ஜெபிக்கின்றனரா? நம்மையன்றி ஜெபிக்க அவர்களால் இயலவில்லையாயின், நாம் வாயிலில் நிற்கவில்லை, மதிலாகிவிட்டோம். வீட்டு ஜெபத்தை நாமே நடத்தி முடிக்காமல், வீட்டாரில் ஒருவரை நடத்தச் சொல்லிப் பக்கத்தில் மண்டியிடுதல் ஒரு சிறு தொடக்கமாகும். எழுதப்படிக்கத் தெரியாதவரின் தடுமாறும் சொற்களுக்கு ஆமென் சொல்லவும் நாம் கற்றுக்கொள்ளல் வேண்டும்.

அதே சிற்றூருக்கு மறுமுறை சென்றபோது அந்தத் தாயைக் கண்டோம். இம்முறை நாம் ஜெபிக்கவில்லை, அவர் கையைப் பற்றிக்கொண்டு, "நீங்கள் சொல்லுங்கள், அம்மா, ஆண்டவர் கேட்கிறார்" என்றோம். வெகுநேரம் அவர் பேசவில்லை. பின்பு தம் பேரனின் பெயரை மட்டும் சொன்னார், மறுபடியும் சொன்னார். வேறு சொல் வரவில்லை. நாம் ஆமென் என்றோம்.